25-ஆம் போர்ட் ஏன் அடைபட்டிருக்கிறது, மெயிலை எந்த வழியாக அனுப்புவது?

கேள்வி இது: வீட்டில் சின்ன லினக்ஸ் சர்வர் ஒன்று ஓடுகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் போட்டாயிற்று. வெளியே அனுப்பும் மெயில் எல்லாம் க்யூவிலேயே நிற்கிறது, லாக்கில் 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' என்று வருகிறது. இணைய நிறுவனம் 25-ஆம் போர்ட்டை அடைத்திருக்கிறது என்கிறார்கள். ஏன் அடைக்கிறார்கள், இதற்கு என்ன வழி?

முதலில் லாக்கில் வந்த அந்த வரியையே கவனியுங்கள், பாதி விடை அதில் இருக்கிறது. 'டைம்ட் அவுட்' என்றால் நீங்கள் அனுப்பிய பாக்கெட்டுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வரவில்லை. நடுவழியில் யாரோ சத்தமில்லாமல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். 'ரெஃப்யூஸ்ட்' என்று வந்தால் எதிர்முனையில் அந்த போர்ட்டில் யாரும் இல்லை, அல்லது ஒரு பயர்வால் நேரடியாகவே மறுத்துவிட்டது. 550, 554 போன்ற எண்ணோடு மறுப்பு வந்தால் போர்ட் அடைபடவே இல்லை. மெயில் எதிர் சர்வரின் வாசல் வரை போய், அங்கே வேண்டாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. மூன்றும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறு.

உறுதி செய்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். ஜிமெயிலின் எம்எக்ஸ் சர்வர் (அதற்கு வரும் மெயிலை வாங்கும் சர்வர்) பெயரை டிஎன்எஸ்ஸில் தேடி எடுத்து, டெல்நெட் அல்லது நெட்கேட் மூலம் அதன் 25-ஆம் போர்ட்டைத் திறந்து பாருங்கள். விண்டோஸாக இருந்தால் பவர்ஷெல்லின் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் போர்ட் திறக்கிறதா என்று மட்டும் சொல்லும். மற்ற இரண்டிலும் திறந்தால் '220' என்று தொடங்கும் வரவேற்பு வரி ஓரிரு நொடியில் வரும். வராவிட்டால், வேறொரு நிறுவனத்தின் எம்எக்ஸ் சர்வரிலும் முயலுங்கள்; ஒரே ஒரு சர்வர் பழுதாக இருக்கவும் வாய்ப்புண்டு. அதே கணினியை வேறு இணைப்பில் போட்டு முயன்றால், தடை கணினியிலா இணைப்பிலா என்று தெரிந்துவிடும். சில ஆன்டிவைரஸ் மென்பொருள்களும் 25-ஐ அடைக்கின்றன. அதை மறந்துவிட்டு நிறுவனத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

இன்னொரு வகை உண்டு. 220 வரி வரும், ஆனால் அதில் இருக்கும் பெயர் நீங்கள் கூப்பிட்ட சர்வரின் பெயராக இருக்காது. நிறுவனம் உங்கள் இணைப்பை வழிமறித்துத் தன்னுடைய மெயில் சர்வருக்குத் திருப்பியிருக்கிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நட்சத்திரக் குறிகள் வந்தால், நடுவில் ஒரு பயர்வால் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) உரையாடலைப் 'பரிசோதிக்கிறது'; அப்போது ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற குறியாக்க வசதியும் பட்டியலிலிருந்து காணாமல் போகும். பாஸ்வேர்டை அந்த இணைப்பில் அனுப்பவே கூடாது.

சரி, ஏன் அடைக்கிறார்கள்?

எஸ்எம்டிபி 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற இணையத் தர ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. ஒருவரையொருவர் நம்பிய கணினிகளின் காலம் அது. அதில் 'நீ யார்?' என்று கேட்கும் படியே கிடையாது. அனுப்புநர் முகவரியில் என்ன எழுதினாலும் அப்படியே ஏற்கும். 25 என்பது அந்த நெறிமுறைக்கான போர்ட். ஒரு மெயில் சர்வர் இன்னொரு மெயில் சர்வரிடம் கொடுக்கும் வாசல் அது. அங்கே இன்றைக்கும் பாஸ்வேர்ட் கேட்க முடியாது, ஏனென்றால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் முன்பின் தெரியாத சர்வர் மெயில் கொண்டுவந்து கொடுக்கலாம் என்பதுதான் மெயிலின் அடிப்படையே.

2003 முதல் இந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டவை வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள். சோபிக், மைடூம் போன்ற புழுக்கள் கணினிக்குள் புகுந்து, தாங்களே ஒரு சிறிய எஸ்எம்டிபி இயந்திரத்தைக் கொண்டுவந்து, எந்த மெயில் சர்வரின் உதவியும் இல்லாமல் நேராக உலகத்தின் 25-ஆம் போர்ட்களுக்கு அஞ்சல் கொட்டின. கணினியின் சொந்தக்காரருக்கு ஒன்றும் தெரியாது. நிறுவனத்துக்கோ புகார்கள் குவியும், அதன் ஐபி முகவரித் தொகுதி முழுதும் கறுப்புப் பட்டியலில் ஏறும், ஒழுங்காக மெயில் அனுப்பும் வாடிக்கையாளர்களும் சேர்ந்து அடிபடுவார்கள். வீட்டு இணைப்பிலிருந்து வெளியே போகும் 25-ஐ அடைத்துவிட்டால் இந்தக் குழாய் ஒரே அடியில் மூடிக்கொள்கிறது. பிரேசில் இதை நாடு தழுவிய அளவில் செய்தது: 2009-இல் ஸ்பாம் அனுப்பும் ஐபி முகவரிகளின் பட்டியல் ஒன்றில் முதலிடத்தில் இருந்த நாடு, 25-ஐ ஒழுங்குபடுத்திய பிறகு 2013-இல் முதல் பத்து இடங்களுக்கும் கீழே இறங்கியது.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால் நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன. ரூட்டரின் வெளிப்பக்க (வான்) ஐபி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஒரு வீட்டின் பழைய கேமரா ஸ்பாம் அனுப்பினால் எல்லோருடைய முகவரியும் கெடும். இந்த நிலையில் 25-ஐத் திறந்து வைக்கும் நிறுவனம்தான் பொறுப்பில்லாத நிறுவனம் என்பது என் எண்ணம்.

இதில் பலர் கவனிக்காத விஷயம்: அடைப்பை எடுத்துவிட்டாலும் வீட்டு இணைப்பிலிருந்து நேரடியாக அனுப்பும் மெயில் பெரும்பாலும் ஏற்கப்படாது. ஸ்பாமைக் கண்காணிக்கும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலில் உலகத்து வீட்டு இணைப்புகளின் முகவரித் தொகுதிகள் ஏராளமாக உள்ளன. அது குற்றப்பட்டியல் அல்ல. 'இந்த முகவரியிலிருந்து நேரடி மெயில் வரக்கூடாது' என்ற கொள்கைப் பட்டியல். உங்கள் ஐபி எண்ணைத் தேடும்போது 127.0.0.10 என்று விடை வந்தால் உங்கள் நிறுவனமே அதைச் சேர்த்திருக்கிறது, 127.0.0.11 என்றால் ஸ்பாம்ஹாஸ் சேர்த்தது. இதோடு ரிவர்ஸ் டிஎன்எஸ் வேண்டும்: ஐபி எண்ணிலிருந்து பெயரும், அந்தப் பெயரிலிருந்து அதே எண்ணும் கிடைக்க வேண்டும். அந்தப் பதிவை எழுதும் உரிமை முகவரியின் சொந்தக்காரரான நிறுவனத்திடம்தான் இருக்கிறது, உங்கள் டொமைன் பக்கத்தில் அல்ல. ஆகவே போர்ட் வெறும் முதல் கதவு. உள்ளே இன்னும் இரண்டு பூட்டுகள். அதனால்தான், அடைப்போடு மல்லுக்கட்டாமல், நற்பெயர் உள்ள ஒரு சர்வரிடம் மெயிலை ஒப்படைத்துவிடுங்கள் என்கிறேன்.

'25 அடைபட்டால் போர்ட்டை 587 என்று மாற்றினால் போதாதா?' என்று கேட்பவர்கள் நிறைய. யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முன்பின் தெரியாத பெறுநரின் சர்வரிடம் நேராகக் கொடுப்பதானால் 25 மட்டுமே. எம்எக்ஸ் பதிவில் போர்ட் எண் எழுத இடமே இல்லை. உங்களுக்குக் கணக்கு இருக்கும் சர்வரிடம் கொடுப்பதானால் 587 அல்லது 465. இந்த இரண்டும் பாஸ்வேர்ட் காட்டி உள்ளே போகும் வாசல்கள். 587-ஐ 1998-இல் ஆர்எஃப்சி 2476 தனியாகப் பிரித்தது. அதில் சாதாரண இணைப்பாகத் தொடங்கி ஸ்டார்ட்டிஎல்எஸ் மூலம் குறியாக்கத்துக்கு மாறுவார்கள். 465-இல் முதல் பைட்டிலிருந்தே குறியாக்கம். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8314 இதையே விரும்பச் சொல்கிறது. இணைய நிறுவனங்கள் 587-ஐ அடைக்கக் கூடாது என்று 2007-இன் ஆர்எஃப்சி 5068 தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அடைத்திருந்தால் அந்த எண்ணைச் சொல்லி நீங்கள் தாராளமாகப் புகார் செய்யலாம்.

தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மெயில் செயலியில் மட்டும் சிக்கல் என்றால் வேலை சுலபம். வெளியே செல்லும் சர்வரின் போர்ட்டை 25-இலிருந்து 465-க்கு மாற்றி, பாதுகாப்பு வகையை எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்று வைத்து, 'அங்கீகாரம் தேவை' என்பதை இயக்குங்கள். 465-க்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று தேர்ந்தெடுத்தால் இரு பக்கமும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருக்கும். கடைசியில் டைம் அவுட் ஆகி, அடைப்பு மாதிரியே தோற்றமளிக்கும். நிறைய பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஜிமெயில் கணக்கின் வழக்கமான பாஸ்வேர்டை இப்படிக் கொடுக்கும் முறை தனிநபர் கணக்குகளுக்கு 2022-இலேயே நின்றுவிட்டது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை உருவாக்கி அதைப் போட வேண்டும். 535 என்ற பிழை எண் வந்தால் இதுதான் விஷயம்.

உங்களுடையது போஸ்ட்ஃபிக்ஸ். அதற்கு ஸ்மார்ட்ஹோஸ்ட் முறை சரி: எல்லா மெயிலையும், வாங்கி முன்னே அனுப்பும் ஒரே ஒரு ரிலே சர்வரிடம் கொடு என்று சொல்லிவிடுவது. ரிலே எதுவாகவும் இருக்கலாம்: நிறுவனம் தரும் மெயில் சர்வர், உங்கள் டொமைன் மெயில் இருக்கும் இடம், அல்லது அமேசான் எஸ்இஎஸ், மெயில்கன் போன்ற அனுப்பும் சேவை. முதன்மைக் கட்டமைப்புக் கோப்பில் ரிலேஹோஸ்ட் வரியில் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி, முக்காற்புள்ளி வைத்து 587 என்று போடுங்கள். அந்தச் சதுர அடைப்பு அலங்காரம் அல்ல. அது இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் பதிவைத் தேடி, முற்றிலும் வேறொரு சர்வருக்குப் போய்விடும்.

அடுத்து கிளையன்ட் பக்கத்து சாஸ்ல் (பயனர் பெயரும் பாஸ்வேர்டும் காட்டும் முறை) அங்கீகாரத்தை இயக்கி, டிஎல்எஸ் நிலையை 'என்க்ரிப்ட்' என்று கட்டாயமாக்கி, பாஸ்வேர்ட் கோப்பின் இடத்தைச் சுட்டுங்கள். பாஸ்வேர்ட் கோப்பில் ஒரே வரிதான்: ரிலே பெயர், இடைவெளி, பயனர் பெயர், முக்காற்புள்ளி, பாஸ்வேர்ட். ரிலே பெயரை ரிலேஹோஸ்ட் வரியில் எழுதியது போலவே, சதுர அடைப்பும் போர்ட் எண்ணும் உட்பட, ஒரு எழுத்து மாறாமல் எழுத வேண்டும். மாறினால் போஸ்ட்ஃபிக்ஸ் பாஸ்வேர்டைத் தேடிக் காணாமல், எதுவும் காட்டாமல் உள்ளே நுழையப் பார்க்கும்; எதிர்ப்பக்கம் 530 என்று அங்கீகாரம் கேட்கும். கோப்பை எழுதியதும் போஸ்ட்மேப் ஓட்டி ஹேஷ் வடிவம் உருவாக்குங்கள், இரண்டு கோப்புகளுக்கும் அனுமதியை 600 ஆக்குங்கள், போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்யுங்கள்.

இப்போது லாக்கில் 'நோ வொர்த்தி மெக்ஸ் ஃபவுண்ட்' என்று ஒரு பிழை வரலாம். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, சாஸ்ல் மாட்யூல் பேக்கேஜ் நிறுவப்படவில்லை. டெபியனிலும் உபுண்டுவிலும் அது தனியாக இருக்கிறது. இரண்டு, சாஸ்ல் பாதுகாப்பு விருப்பத்தின் இயல்பு மதிப்பு வெற்று எழுத்துப் பாஸ்வேர்டையும் அனாமதேய நுழைவையும் சேர்த்தே தடுக்கிறது. டிஎல்எஸ்ஸுக்குள் போகும்போது வெற்று எழுத்து பாதுகாப்பானதுதான். ஆகவே அனாமதேயத்தை மட்டும் தடுக்கும்படி மாற்றுங்கள். 465 வழியாகப் போவதானால் ரேப்பர்மோட் விருப்பத்தையும் இயக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 முதல் அது இருக்கிறது.

ஐபிவி6 இருக்கும் வீடுகளில் ஒரு விசித்திரம் நடக்கும். நிறுவனம் ஐபிவி4-இல் மட்டும் 25-ஐ அடைத்திருக்கும். ரிலே போடுவதற்கு முன்பு சில மெயில்கள் ஐபிவி6 வழியாக நழுவிப் போய், ரிவர்ஸ் டிஎன்எஸ் இல்லாததால் திரும்பி வரும். 'சிலது போகிறது, சிலது போகவில்லை' என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இது இருக்கும்.

மெயில் ரிலே வரை போய்விட்டது, ஆனாலும் சேரவில்லை என்றால் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். சர்வர் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரான் வேலைகள் ரூட் பெயரில், வெளியுலகில் இல்லாத ஒரு லோக்கல் டொமைனோடு மெயில் எழுதும். எந்த ரிலேயும் அதை ஏற்காது. போஸ்ட்ஃபிக்ஸின் ஜெனரிக் மேப்ஸ் மூலம் அந்த முகவரியை உங்கள் உண்மையான முகவரியாக மாற்றுங்கள். ஜிமெயிலை ரிலேயாக வைத்தால், அங்கே உறுதிப்படுத்தாத முகவரியை அனுப்புநராகப் போட்டாலும் அது கணக்கின் சொந்த முகவரியையே எழுதிவிடும். சொந்த டொமைன் என்றால் எஸ்பிஎஃப் பதிவில் (உங்கள் பெயரில் யார் அனுப்பலாம் என்ற டிஎன்எஸ் பட்டியல்) ரிலேயையும் சேர்த்துவிடுங்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அதற்குள் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டக் கூடாது. மெயில் வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிகேஐஎம் கையெழுத்தை ரிலே சேவையே போடும். அது கொடுக்கும் டிஎன்எஸ் பதிவுகளை மட்டும் நீங்கள் சேர்க்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லா அனுப்புநரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் எதிர்பார்க்கிறது, நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோரிடம் இரண்டையும், கூடவே இவை தோற்றால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் பதிவையும் கேட்கிறது.

அளவுகளையும் மனதில் வையுங்கள். இணைப்புக் கோப்புகள் பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாறும்போது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே ஊதுகின்றன. 25 எம்பி வரம்பு என்றால் கோப்பு 18 எம்பி வரைதான் போகும்.

பிரிண்டர், ஸ்கேனர், கேமரா ரெக்கார்டர் போன்ற சாதனங்கள் தனிக் கதை. பழைய மாடல்களுக்கு 25 மட்டும்தான் தெரியும், டிஎல்எஸ் தெரியாது, அல்லது காலாவதியான டிஎல்எஸ் 1.0-உடன் நின்றுவிட்டிருக்கும். அவற்றை மாற்றத் தேவையில்லை. இதே போஸ்ட்ஃபிக்ஸை உள் நெட்வொர்க்கில் 25-இல் கேட்க வையுங்கள். சாதனங்கள் அதனிடம் கொடுக்கும், அது 587-இல் வெளியே கொண்டுபோகும். பாஸ்வேர்ட் இல்லாமல் அனுப்ப யாரை விடுவது என்று சொல்லும் மைநெட்வொர்க்ஸ் வரியில் உங்கள் உள் முகவரிகளை, முடிந்தால் அந்தச் சாதனங்களின் முகவரியை மட்டும், எழுதுங்கள்.

இந்த இடத்தில் ஒரு ஆபத்து உண்டு, கவனமாகப் படியுங்கள். டாக்கருக்குள் (மென்பொருளைத் தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) மெயில் சர்வரை ஓட்டினால் சில அமைப்புகளில் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு இணைப்பும் 172.17.0.1-இலிருந்து வருவது போலத் தெரியும். சில ரூட்டர்களும் போர்ட் ஃபார்வர்டு செய்யும்போது மூல முகவரியைத் தங்களுடைய 192.168.1.1 என்று மாற்றிவிடும். போஸ்ட்ஃபிக்ஸின் கண்ணுக்கு அப்போது உலகமே 'உள் நெட்வொர்க்'. யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்ட் இல்லாமல் உங்கள் ரிலே கணக்கு வழியாக மெயில் அனுப்பலாம். திறந்த ரிலேக்களைத் தேடி அலையும் பாட்கள் இதை விரைவில் கண்டுபிடித்துவிடும், உங்கள் கணக்கு முடக்கப்படும். லாக்கில் 'கனெக்ட் ஃப்ரம்' வரிகளில் உண்மையான வெளி முகவரிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். வெளியிலிருந்து மெயில் வாங்கத் தேவையில்லை என்றால் 25-ஐ ஃபார்வர்டு செய்யவே வேண்டாம்.

ரிலே சேவை வேண்டாம், எல்லாம் என் கையில் இருக்க வேண்டும் என்றால் ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுத்து, அதில் மெயில் சர்வர் வைத்து, வீட்டு சர்வர் அதனிடம் 587-இல் பாஸ்வேர்டோடு கொடுக்கும்படி செய்யலாம். இதற்கு விபிஎன் சுரங்கம் தேவையே இல்லை. ஆனால் வாங்குவதற்கு முன் விசாரியுங்கள்: கிளவுட் நிறுவனங்களும் அடைக்கின்றன. கூகுள் கிளவுட் வெளியே போகும் 25-ஐ இயல்பாகவே தடுக்கிறது. அமேசான் இசி2-இல் விண்ணப்பித்து நீக்கலாம். டிஜிட்டல்ஓஷன் புதிய டிராப்லெட்களில் (அதன் விபிஎஸ்கள்) 25, 465, 587 மூன்றையுமே அடைத்திருக்கிறது. ஹெட்ஸ்னர் 25-ஐயும் 465-ஐயும் அடைத்து, முதல் பில் கட்டிய பிறகு கேட்டால் பரிசீலிக்கிறது. 587-உம் அடைபட்ட இடத்தில், பல அனுப்பும் சேவைகள் 2525 என்ற அதிகாரப்பூர்வமற்ற போர்ட்டில் கேட்கின்றன. இல்லையென்றால் 443 வழியாக அவர்களின் ஏபிஐ இருக்கவே இருக்கிறது.

இணைய நிறுவனத்திடமே கேட்டு 25-ஐத் திறக்க வைக்கலாம், நிலையான ஐபி உள்ள வணிக இணைப்பு என்றால் வாய்ப்பு அதிகம். கேட்கும்போது மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் கேளுங்கள்: வெளியே போகும் 25-ஐத் திறப்பது, உங்கள் மெயில் சர்வர் பெயரில் ரிவர்ஸ் டிஎன்எஸ், பிபிஎல்லிலிருந்து அந்த முகவரியை எடுப்பது. ஒன்று விடுபட்டாலும் மற்ற இரண்டால் பயனில்லை. எப்போதும் திறந்திருந்த 25 திடீரென்று அடைபட்டது என்றால், கேட்பதற்கு முன் உங்கள் வீட்டுக்குள் பாருங்கள். ரூட்டரின் லாக்கில் எந்த உள் முகவரி 25-ஐத் தேடிப் போகிறது என்று தெரியும். அது நீங்கள் மெயில் சர்வர் வைக்காத சாதனம் என்றால், அதைப் பிணையத்திலிருந்து கழற்றுங்கள்.

கடைசியாக, ரிலேயை இயக்கும் முன் க்யூவில் என்ன இருக்கிறது என்று போஸ்ட்க்யூ கட்டளையில் பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் போகாத மெயிலை இயல்பாக 5 நாள் வைத்திருந்து திரும்பத் திரும்ப முயலும். இந்த நாட்களில் சேர்ந்த நூற்றுக்கணக்கான கிரான் மெயில்கள் ரிலே திறந்த நொடியில் ஒன்றாகப் பாய்ந்தால், புதுக் கணக்கின் மணிநேர வரம்பு முதல் நிமிடத்திலேயே தீர்ந்து, ஸ்பாம் சந்தேகத்தில் கணக்கே நிறுத்தப்படலாம். வேண்டாதவற்றை போஸ்ட்சூப்பர் மூலம் நீக்கி, மீதியை அதிலேயே நிறுத்திவைத்துவிட்டு, ஒரே ஒரு சோதனை மெயிலை உங்கள் ஜிமெயிலுக்கு அனுப்புங்கள். அதன் மூல வடிவத்தைத் திறந்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஆகியவற்றுக்கு எதிரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். இருந்தால் மீதி மெயில்களை அவிழ்த்துவிடலாம்.